மணத்தக்காளியைப் பிடுங்கி எறியாதீர்கள்

மலேசியாவில், கெடா மாநிலத்து எங்கள் பீடோங் பக்கம் நாலு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், கால்வாய் ஓரம், வேலியடி, பூச்சட்டி, சிமெண்டு வெடிப்பு என்று எங்கு பார்த்தாலும் மணத்தக்காளி முளைத்துவிடும். கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதை போடுகிறது. யாரும் நட்டதில்லை, அதனால் யாருக்கும் மதிப்பில்லை. தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், புல் வெட்ட வருகிற ஆள் மெஷினை ஒரு சுழற்றுச் சுழற்றினால் கதை முடிந்தது. அந்த வீட்டுக்காரரே சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காசு கொடுத்துக் கீரைக்கட்டு வாங்கி வருவார்.

என் மருமகள் பினாங்கிலிருந்து வரும்போது டேண்டலியன் தேநீர்ப் பொட்டலம் கொண்டுவருவாள். குளிர் நாடுகளில் புல்தரையெங்கும் மஞ்சள் பூப் பூத்து நிற்கிற களை அது. இலையைக் கீரையாகச் சமைக்கிறார்கள், பூவையும் உணவில் சேர்க்கிறார்கள், வேரை வறுத்துப் பொடித்துக் காப்பிக்குப் பதிலாகக் குடிக்கிறார்கள். சீன மருந்துக் கடையில் பூ கோங் யிங் என்று கேட்டால் காய்ந்த செடியாக எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல செடிதான், குறை சொல்லவில்லை. ஆனால் குளிருக்குப் பழகிய செடியை நம் வெக்கையில் சட்டியில் வைத்துக் காவல் காப்பதைவிட, தானாக வந்து நிற்கிற நம் களையைக் கவனிப்பது மேல் என்பது என் கட்சி. மணத்தக்காளியில் இலை, காய், பழம் மூன்றும் உதவும். எதை எந்தப் பருவத்தில் பறிப்பது, எங்கே முளைத்ததைத் தொடக் கூடாது, இந்த இரண்டும் தெரிந்தால் மிச்சமெல்லாம் சுலபம்.

சேலம், நாமக்கல் வழி வந்த குடும்பங்களில் இதைச் சுக்குட்டிக் கீரை என்பார்கள். மிளகுத்தக்காளி என்றாலும் இதுதான். மலாய்க்காரர்கள் ரந்தி என்பார்கள்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பது

முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். தண்டு மெலிதாக, கிளை கிளையாகப் போகும், முள் இருக்காது. இலை முட்டை வடிவம், நுனி கூர்மை, ஓரம் லேசாக நெளிந்திருக்கும். பூ சின்னது, ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். காய் ஒரே காம்பின் நுனியிலிருந்து நாலைந்தாகக் கொத்தாகத் தொங்கும். பட்டாணியைவிடச் சின்னது. பச்சையாக இருந்து, பழுத்ததும் பளபளவென்று கறுப்பாகிவிடும். நசுக்கினால் ஊதாச் சாறும் பொடி விதையும் வரும். சட்டையில் பட்டால் லேசில் போகாது, பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

குழப்பம் வருகிற செடிகள் மூன்று. சுண்டைக்காய் இதற்கு உறவுக்காரச் செடிதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் போகும், தண்டில் முள் இருக்கும், இலை கை அகலம், காயும் பெரிது, கறுப்பாகாது. சொடக்குத் தக்காளியின் காய் காகிதப் பை மாதிரி ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும், மணத்தக்காளிக்குப் பை கிடையாது. மூன்றாவது உண்ணிச்செடி. இதில்தான் கவனம் வேண்டும். பழம் கறுநீலமாக இருப்பதால் சின்னப் பிள்ளைகள் ஏமாந்துவிடும். அதன் இலை சொரசொரப்பு, கசக்கினால் நெடி அடிக்கும், தண்டைத் தடவினால் நாலு பட்டை தெரியும், பூ மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகக் கொத்தாக இருக்கும், பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அதன் பச்சைக் காய் நஞ்சு. வெள்ளை நட்சத்திரப் பூவைக் கண்ணால் பார்க்காமல் மணத்தக்காளி என்று எதையும் பறிக்க வேண்டாம். பூ வரும் வரை காத்திருப்பதில் ஒன்றும் நஷ்டமில்லை.

எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் கைப்பேசியை நீட்டி, "ஆன்ட்டி, இது நைட்ஷேடாம், விஷம்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள். அவள் பார்த்த படம் ஐரோப்பாவில் வளர்கிற பெல்லடோனா. அதன் பூ மணி வடிவம், மங்கின ஊதா நிறம். பழம் பெரிது, கொத்தாக வராது, ஒன்றொன்றாகத் தனியாக நிற்கும். ஒரே குடும்பம் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கும்கூட அந்தக் குடும்பம்தானே. ஆனாலும் அவள் பயம் முழுக்கத் தப்பில்லை. மணத்தக்காளியின் பச்சைக் காயில் சோலனின் வகை நஞ்சு உண்டு, முளைவிட்ட உருளைக்கிழங்கில் இருக்கிற அதேதான். காய் பழுக்கப் பழுக்க அது குறையும். கொதிக்க வைத்தால் அடியோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம், வெந்த தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். அதனால் பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் போட விடக் கூடாது. பெரியவர்களும் வத்தலாக, குழம்பில் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும். அளவுக்கு மீறிக் கசக்கிற காயோ கீரையோ எதுவானாலும் துப்பிவிடுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற இந்தோனேசியர்கள் இதை லெவுஞ்சா என்று சொல்லிப் பச்சைக் காயையே சம்பலோடு கடித்துத் தின்பார்கள். ஜாவாவில் சுண்டானியர்களுக்கு அது பழகிய சாப்பாடு, அதற்கென்றே பயிர் செய்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் வேலியில் முளைத்த பெயர் தெரியாத வகையை அப்படிச் செய்து பார்க்க வேண்டாம்.

எங்கே முளைத்ததைத் தொடக் கூடாது

தோட்டத்தில் நான் இருந்த காலத்தில் பெரும்பகுதி மருந்தடி வேலைதான். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு பெண்களுக்கு அந்த வேலைதான் அதிகம் கிடைத்தது. பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரத்தடி மரத்தடியாக வட்டம் சுற்றி அடிப்போம். அதனால் களைக்கொல்லி விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

பாராகுவாட் அடித்தால் வெயில் ஏற ஏற இலை வாடி, மறுநாளே கருகிப் போகும். யார் பார்த்தாலும் மருந்து பட்ட செடி என்று தெரியும். அதை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் 2002இல் ஒரு தடவை தடை போட்டு, 2006இல் தளர்த்தியிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் கிளைபோசேட்தான் அடிக்கிறார்கள். அதில்தான் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அடித்த பிறகும் செடி நாலைந்து நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கும். மருந்து இலை வழியாக உள்ளே இறங்கி வேர் வரைக்கும் போன பிறகுதான் குருத்து வெளுத்து, ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சளாகும். அடித்த மறுநாள் அதே செடியை நீங்கள் பறித்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. கழுவினாலும் உள்ளே போனது வராது.

ஆகவே சாலையோரம், செம்பனைக் காட்டு ஓரம், ரயில் தண்டவாளப் பக்கம், தாமான் பொது மைதானம், குத்தகைக்காரர் பராமரிக்கிற கால்வாய்க் கரை, இங்கெல்லாம் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் இலையைத் தொடாதீர்கள். செழிப்பாக இருப்பதே சில இடங்களில் சாக்கடைத் தண்ணீரால்தான். உங்கள் வேலிக்குள், நீங்கள் பார்த்து வளர்ந்தது மட்டுமே சட்டிக்கு வரலாம். வெளியே நல்ல செடியைப் பார்த்தால் பழுத்த கொத்து ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து விதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விதை, மண், சட்டி

நன்றாகக் கறுத்துத் தொட்டதும் கையோடு வருகிற பழமாகப் பறித்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் நசுக்குங்கள். தோலும் சதையும் மிதக்கும், விதை அடியில் தங்கும். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசி, காகிதத்தில் பரப்பி நிழலில் காய வையுங்கள். அஞ்சாறு பழத்தின் விதையே ஒரு வீட்டுக்கு ஏகப்பட்டது.

விதை தூள் மாதிரி இருப்பதால் நேரே தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும். ஒரு பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணைப் பெயருக்குத்தான் மூட வேண்டும். ஆழமாகப் போனால் முளைக்காது. தண்ணீரைக் கையால் தெளியுங்கள், ஊற்றினால் விதை ஓடிவிடும். நம் வெப்பத்தில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாலைந்து இலை விட்டதும் சாயங்கால நேரத்தில் பிடுங்கி மாற்றி நடலாம்.

எப்போது விதைப்பது என்பது உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. கீரை மட்டும் போதுமென்றால் எந்த மாதமும் சரி. வத்தல் போட ஆசை இருந்தால் எங்கள் கெடா மாநிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தீபாவளி சமயம் விதையுங்கள். செடி பூத்துக் காய் திரள இரண்டரை மூன்று மாதம் பிடிக்கும். தைப்பூசத்துக்கு முன்பின்னாகக் காய் பறிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில்தான் இங்கே மழை குறைந்து வெயில் சுள்ளென்று அடிக்கும், ஜெராய் மலை உச்சிகூட மேகமில்லாமல் தெரியும். தெற்கே இருப்பவர்கள் அவரவர் ஊரில் மழை குறைகிற மாதத்தைப் பார்த்து மூன்று மாதம் பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள்.

சட்டிக்குப் பழைய பெயிண்டு டின்னோ பெரிய பாலிபேக்கோ போதும், அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கோழி எரு அரைப் பங்கு, உமிக்கரி அரைப் பங்கு என்று நான் கலப்பேன். கெடா நெல் விளைகிற மாநிலம், உமிக்கரிக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காத ஊர்க்காரர்கள் ஆற்று மணலும் தேங்காய் நார்த் தூளும் போடலாம். கோழி எருவில் நாற்றமோ சூடோ இருந்தால் அது மக்கவில்லை என்று அர்த்தம், வேரைச் சுட்டுவிடும். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளித்த மண். நர்சரியில் டோலமைட் சுண்ணாம்புத் தூள் கேட்டு வாங்கி, ஒரு டின் மண்ணுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து, இரண்டு வாரம் ஈரமாகப் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் எருவைக் கலந்து நடுங்கள். எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடக் கூடாது. எருவின் சத்து வாயுவாகப் போய்விடும்.

தரையில் நட்டால் செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். செம்பனை ஆலைப் பக்கம் பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைத்தால் செடியைச் சுற்றிப் பரப்பலாம், ஈரம் காக்கும், மெதுவாக மக்கும். தோட்டத்தில் இளம் செம்பனைக்கு அதைத்தான் போடுவார்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. காலை வெயில் பட்டு, மத்தியானத்துக்கு மேல் நிழல் விழுகிற இடம் கீரைக்குச் சிறந்தது. அங்கே இலை அகலமாக, இளசாக வரும். நாள் முழுக்க வெயில் காய்கிற இடத்தில் இலை தடித்துக் கசப்பு கூடும், ஆனால் காய் நிறையப் பிடிக்கும். நான் கீரைக்கென்று இரண்டு மூன்று செடியைப் பின்வாசல் துணிக்கொடி பக்கமும், காய்க்கென்று மிச்சத்தை வேலியோரமும் வைத்திருக்கிறேன்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நெட்டையாகப் போய் மழைக்குச் சாய்ந்துவிடும். கிள்ளிய நுனியை வீசாமல் அன்றைக்குப் பருப்பில் போட்டுவிடலாம்.

தொல்லைகள்

இரண்டே தொல்லைதான் பெரிது. ஒன்று, இலையைச் சல்லடையாக்குகிற புள்ளி வண்டு. ஆரஞ்சு முதுகில் 28 கறுப்புப் புள்ளி, பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும். பூச்சியைத் தின்கிற நல்ல பொறிவண்டு வேறு, அதன் முதுகு மினுங்கும், அதை விட்டுவிடுங்கள். இந்த வண்டு கத்தரியிலிருந்து வரும். இலைக்கு அடியில் மஞ்சள் முட்டையைக் கூட்டமாக நட்டுக்குத்தலாக வைத்திருக்கும். காலையில் பூச்சி மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் டப்பாவைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் விழுந்துவிடும். முட்டை உள்ள இலையைக் கிள்ளி நசுக்குங்கள். வீட்டுக்குச் சாப்பிட வளர்க்கிற செடிக்கு மருந்து வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதேயில்லை.

இரண்டாவது, வாடல் நோய். நேற்று நன்றாக இருந்த செடி இன்றைக்கு இலை மஞ்சளாகாமலே துவண்டு தொங்கும், தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்காது. தண்டை அடியில் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தெளிந்த நீரில் முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தில்லை. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள், வெட்டிய கத்தியைக் கழுவுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் நட்டிருந்த மண்ணில் மணத்தக்காளி வைக்காதீர்கள், இது எல்லாவற்றுக்கும் அதே நோய் வரும். செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் சட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். ஒரு செடியை ஆறு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இலை சிறுத்துத் தண்டு கட்டையானால் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் தானாக முளைத்திருக்கிற கன்றை அந்த இடத்தில் வைத்துவிடலாம்.

கீரை சமைப்பது

நட்டு ஆறு வாரம் போல ஆனதும் இளங்கொழுந்தாகக் கிள்ளத் தொடங்கலாம். பூ எடுக்கும் முன்னால் கிள்ளுகிற இலைதான் ருசி. கணுவுக்கு மேலே கிள்ளினால் அங்கே இரண்டு கிளை வரும். உருவிப் பறிக்காதீர்கள்.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம். நம் ஊரில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் இருக்கிறது, கென்சிங் திக்குஸ் என்று எல்லோரும் சொல்வது. நத்தை ஊர்ந்த இலையில் எலியின் நுரையீரல் புழுவும் ஒட்டியிருக்கலாம். ஓடுகிற குழாய் நீரில் இலை இலையாகக் கழுவி, நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாகத் தின்கிற பழத்துக்கும் கழுவுவது கட்டாயம்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது சொதி. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் இரண்டு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கீறின பச்சை மிளகாய் இரண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், கொஞ்சம் மஞ்சள் போட்டு வெங்காயம் குழையும் வரை கொதிக்க விடுங்கள். அப்புறம் இரண்டு பெரிய கைப்பிடி கீரையைப் போட்டு, மூடாமல் ஏழெட்டு நிமிடம் வேக வையுங்கள். மூடினால் நிறம் மங்கும். கடைசியில் கெட்டித் தேங்காய்ப் பால் ஒரு கோப்பை. வீட்டில் பிழிந்தது நல்லது, அவசரத்துக்குச் சந்தான் பெட்டியும் ஆகும். ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், கொதித்தால் திரியும். உப்பு, எலுமிச்சைச் சாறு இரண்டும் இறக்கின பிறகு. இடியப்பத்துக்கும் சோற்றுக்கும் பொருந்தும். கீரை கசக்கிறதென்று சொல்கிற வீட்டில் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு ஆரம்பிக்கலாம். எனக்கு அந்தக் கசப்பு வேண்டும், நான் கொட்டுவதில்லை.

பாசிப் பருப்போடு கூட்டு, துவரம் பருப்போடு கடையல், தேங்காய்ப் பூ தூவிப் பொரியல், இவையெல்லாம் மற்றக் கீரைக்குச் செய்வது மாதிரியே. கீரை வெந்தால் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும், அதற்குத் தக்கபடி உப்புப் போடுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருகிற பழக்கம். காரமில்லாமல் சொதி வைத்துக் கொடுத்தால் புண் வாயோடு இரண்டு வாய் சோறு இறங்கும், அதுவே உதவிதான். ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெண்களில் என் வயதுக்காரிகள் பலர் வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள், சிலர் புகையிலையும் சேர்த்து. பாக்கு புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே சொல்லியிருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் கீரையைத் தேடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். வலி இல்லை என்று தள்ளிப் போடுவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்களும் மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைச் சாறாகப் பிழிந்து குடிப்பது, பொடியாக விழுங்குவது எல்லாம் வேண்டாம். சாப்பாட்டில் கீரையாக எப்போதாவது வருவது வேறு விஷயம்.

வத்தல் போடுவது

முற்றித் திரண்ட காயாகப் பறியுங்கள். நகத்தால் கீறினால் உள்ளே விதை கெட்டியாக இருக்க வேண்டும். கொத்தில் ஒன்றிரண்டு கறுக்கத் தொடங்கியிருந்தால் அந்தக் கொத்து சரியான பருவம். பிஞ்சை விட்டுவிடுங்கள். காம்பைக் கிள்ளி, கழுவி, ஒவ்வொரு காயையும் லேசாகத் தட்டுங்கள். அம்மியில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து, தோல் விரிந்தால் போதும். தட்டாமல் போட்டால் மோர் உள்ளே போகாது, எண்ணெயில் பொரிக்கும்போது முகத்தில் வெடிக்கும்.

நன்றாகப் புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து, நாக்கில் வைத்தால் கரிக்கிற அளவுக்கு உப்புப் போட்டு, காயை இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் காயை மட்டும் வடித்தெடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் வற்றித் தீரும் வரைக்கும் இப்படியே போகும். அப்புறம் வெறும் வெயில். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும் வரை காய வேண்டும்.

நம் நாட்டில் வத்தலுக்கு எதிரி காற்றில் இருக்கிற ஈரம். மூன்று மணிக்கே தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள், மழை வாசம் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. நடுவில் இரண்டு நாள் வெயில் இல்லாமல் போனால் மோரில் ஊறுகிற காயைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வெயில் திரும்பியதும் தொடருங்கள். காயின் மேல் சாம்பல் நிறத்திலோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தால் துடைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் மொத்தத் தட்டையும் கொட்டிவிடுங்கள். உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பது வேறு, அது தேய்த்தால் பொடியாக உதிரும். காய்ந்ததை ஆறவிட்டு, ஈரமில்லாத மைலோ டின்னிலோ கண்ணாடிப் புட்டியிலோ அடைத்து, மாதம் ஒரு தடவை வெயில் காட்டுங்கள்.

குழம்புக்கு நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய வைத்து, இரண்டு மேசைக்கரண்டி வத்தலைச் சின்னத் தீயில் பழுப்பாகும் வரை வறுத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறுத்தால் கசப்பு தாங்காது. அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை, பிறகு ஒரு பிடி சின்ன வெங்காயமும் பூண்டும். வதங்கியதும் இரண்டு தேக்கரண்டி குழம்புத் தூளை எண்ணெயில் ஒரு பிரட்டுப் பிரட்டி, எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும் வரை கொதித்துச் சுண்டிய பிறகு வத்தலைப் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் போதும், ஒரு சின்னத் துண்டு குலா மெலாக்காவும் (பனைவகை வெல்லம்) சேர்க்கலாம். உப்பை மட்டும் முதலில் போட்டுவிடாதீர்கள். வத்தலிலேயே உப்பு ஏராளம், அது குழம்பில் இறங்கின பிறகு ருசி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வறுத்த வத்தலை நேரே சுடுசோற்றில் போட்டு நெய் விட்டுப் பிசைகிறவர்களும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொடாமல், குழம்பைக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வது நல்லது.